கரைவலை மடியில் வந்த முடிச்சு

“இது என்ர முடிச்சு” என்றார் ரவியண்ணை.

காலை ஒன்பது மணி இருக்கும். நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் இடையில் ஒரு கரைவலைப் பாடு. பாடு என்றால் ஒரு வலை வளைப்பதற்கென்று பிரித்துவிட்ட கடற்கரைத் துண்டு. வலை அப்போதுதான் கரை ஏறியிருந்தது. மடியை, அதாவது மீன் போய்ச் சேரும் அந்தக் கடைசிப் பையை, அவிழ்த்து மணலில் கொட்டியிருந்தார்கள். சூடையும் காரலும் துள்ளின. அவற்றோடு சோறு சுற்றும் லஞ்ச் சீற், சொப்பிங் பை, யோகட் கப், அறுந்த செருப்பு. வலை இழுப்பவர்களில் மூத்தவரான ரவியண்ணை அந்தக் குவியலிலிருந்து ஒரு வெள்ளைப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். வாய் கட்டிய பை. உள்ளே ஊறிப்போன குப்பை.

“எப்பிடி அண்ணை சொல்லுறீங்கள்?” என்று கேட்டேன்.

“ரெண்டு சுத்துச் சுத்தி, வாலை உள்ளால விட்டு இழுத்திருக்கு, பாருங்கோ மிஸ். இந்தப் பாட்டில இப்பிடி முடியிறவன் நான் ஒருத்தன்தான். நேற்று நான் கட்டினனான் இதை.”

“அப்ப உங்கட சாமான்தானே, வீட்டை கொண்டுபோய் மனிசியிட்டைக் குடுங்கோ!” என்று கயிற்றடியில் நின்ற ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல்நாள் மடியில் வந்த குப்பையை ரவியண்ணை ஒரு பைக்குள் திணித்துக் கட்டி, அலை அடிக்கும் ஓரத்தில் போட்டிருக்கிறார். கடல் அதை எடுத்துப்போய் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த காலையில் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் மற்றவர்கள் கட்டியவை? மீன் பிடிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு முடிச்சு இருக்கும். எல்லோரையும் அவரவர் முடிச்சைப் போடச் சொன்னால்? எனக்கு அந்த நிமிடமே அடுத்த நாள் விடிய வேண்டும் போலிருந்தது.

முப்பத்துமூன்று வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் வீட்டிலேயே நம்புகிறார்கள் இல்லை. எட்டு வருடம் ஓர் உள்ளூர்ச் சபையில், ஒப்பந்த அடிப்படையில், கழிவகற்றல் பிரிவின் களப்பணி உதவியாளராக இருந்தேன். ஓய்வூதியம் கிடையாது. பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள், ஒரு கைப்பை தந்தார்கள். பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பிள்ளைகள், “அக்கா, நலன்புரிச் சங்க மலருக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, சுருக்கமா” என்று கேட்டார்கள். எழுதச் சொன்னது பிடித்தது. சுருக்கம் என் கைக்கு வராத சாமான்.

பயிற்சிக் காலத்தை வேண்டுமானால் சுருக்கலாம். மூன்று மாதம் தம்பலகாமத்தில். ஐந்து வகைப் படிவம் நிரப்பப் பழகினேன். குப்பை ஏற்றும் பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுக்கப் பழகினேன். பல்கலைக்கழகப் பட்டத்தைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மணத்தை வைத்தே எந்தத் தெருவின் குப்பை என்று சொல்லப் பழகினேன். அவ்வளவுதான்.

நான் வேலை படித்தது பௌசியா மிஸ்ஸிடம் திட்டு வாங்கித்தான். அவர் எங்கள் மேற்பார்வை உத்தியோகத்தர். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் சிவப்புப் பேனையைக் கையிலிருந்து கீழே வைத்ததையும் நான் கண்டதில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் நான் முதன்முதலாக எழுதியது, ‘குறித்த இடத்தில் துர்நாற்றம் வீசுவதாக அறியக் கிடைக்கிறது’ என்பது. அழகாக எழுதிவிட்டேன் என்ற நினைப்பு வேறு. மிஸ் ஒரே கோடாக வெட்டினார்.

“முறைப்பாடு சொல்ல வந்த மனிசன் என்ன சொன்ன?”

“நாய் செத்து மணக்குது எண்டவர் மிஸ்.”

“அப்ப அத எழுதுங்க. துர்நாற்றத்துக்கு ஆள் அனுப்ப ஏலா புள்ள. செத்த நாய்க்கு அனுப்பலாம்.”

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஓர் இடத்தில் காலையில் பிரச்சினை என்றால் காலையில்தான் போய்ப் பார்ப்பார். மத்தியானம் வாகனம் சும்மா நின்றாலும் ஏறமாட்டார். எனக்கு இது சரியான எரிச்சல். எனக்கென்றால் எதையும் கேட்ட கையோடு ஓட வேண்டும்.

குழாய்க் கதையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். திருகோணமலை நகரத்தில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரிவது எங்களுக்குப் புதினமில்லை. எங்கள் சபைக் கந்தோரின் பின்மதிலடிக்கும் வரும். வேலையில் சேர்ந்த முதல் வருடம், மத்தியானச் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு லஞ்ச் சீற்றைச் சுருட்டி வெளியே இருந்த கூடையில் போட்டேன். சற்று நேரத்தில் யன்னலால் பார்க்கிறேன், ஒரு மான் அதை மென்றுகொண்டு நிற்கிறது. குழம்பு ஊறிய பொலித்தீன் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாய்க்குள் போகிறது. நான் ஓடிப்போய் இழுத்தேன். பாதிதான் கையில் வந்தது.

அன்று பின்னேரமே கூட்டம் கூட்டிப் பேசினேன். மண், கடல், மான், வருங்காலம் எல்லாம் என் பேச்சில் வந்தன. நாளையிலிருந்து எல்லோரும் வீட்டிலிருந்து பெட்டியில் சாப்பாடு! கைதட்டினார்கள். ஒரு கிழமை பெட்டிகள் வந்தன. இரண்டாம் கிழமை பாதியாகின. மூன்றாம் கிழமை நானே வெட்கத்தோடு ஒரு பார்சல் வாங்கினேன்.

பௌசியா மிஸ் ஒருநாள் சரியாக ஒன்றரை மணிக்கு எழுந்துபோய்க் கட்டடத்தின் பின்னால் நின்றார். அங்கே இருந்தது ஒரே ஒரு குழாய், மலசலகூடத்துக்குப் பக்கத்தில், வாளி வைக்கிற உயரத்தில். ஏழு பேர் மீன்குழம்புப் பெட்டியோடு குந்தியிருந்து கழுவ வேண்டும். மிஸ் திரும்பி வந்து ஒரு வரிக் கடிதம் எழுதினார்: ‘பாத்திரம் கழுவுவதற்கு இடுப்பளவு உயரத்தில் தொட்டியுடன் ஒரு குழாய் தேவை.’ அது வந்து சேர நாலு மாதம். வந்த பிறகு ஒருவரும் பேசாமலே பெட்டிகள் திரும்பி வந்தன. எல்லோரும் கொண்டுவந்தார்கள் என்று சொல்லமாட்டேன். பின்மதிலில் மான் வருவதும் குறைந்தது. மான் வேறு மதிலுக்குப் போயிருக்கவும் கூடும்.

இதைக் கண்ட பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். இல்லை. கடற்கரைக்கு வரும் சனம் சாப்பிட்டுவிட்டு மணலில் எறிந்துவிட்டுப் போகிறது என்று, பாட்டுக்குப் போகும் ஒழுங்கையின் கடைசியில் மூன்று பெரிய நீலத் தொட்டி வைக்கத் திட்டம் போட்டேன். வரைபடத்துக்கு நிறமெல்லாம் தீட்டினேன். சனத்துக்கு நாலு எட்டில் தொட்டி, எவ்வளவு வசதி! பக்கத்தால் மழைநீர் வாய்க்கால் ஓடுகிறது என்பதை அழகுக்காகத்தான் கீறினேன். உழவு இயந்திரம் அந்த மணலில் திரும்புமா என்று நினைத்தே பார்க்கவில்லை. அந்தக் கிழமை பௌசியா மிஸ் லீவு. பதில் கடமையில் இருந்தவர் படத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக் கையெழுத்து வைத்தார்.

முதல் நாளே உழவு இயந்திரத்தின் பெட்டி மணலில் புதைந்தது. சாரதி அன்வர் காக்கா போன் எடுத்தார்.

“புள்ள, இந்த மணலுக்க மெசின் வராது. ஒரு ஒட்டகம் வாங்கித் தாங்க.”

அதனால் தொழிலாளர்கள் தெருவிலிருந்து நடந்துபோனார்கள். நிரம்பிய பைகளை மஞ்சள் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டி வாய்க்கால் வரம்பில் அடுக்கினார்கள். கை கிடைக்கும்போது தூக்கி வந்தார்கள். ஒருமாதிரி ஓடியது. பிறகு மாரி பிடித்தது. அன்வர் காக்கா மறுபடியும் போன்: “மழைக்குள்ள தூக்க ஏலா. விட்டாப் பொறகு எடுப்பமா?”

“ஓம் காக்கா, விட்டாப் பிறகு எடுப்பம்” என்றேன்.

நாலாம் நாள் மழை விட்டது. போய்ப் பார்த்தேன். வரம்பு துப்புரவாக இருந்தது. பக்கத்துச் சனம் யாரோ பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய சந்தோசம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடும்.

மாரி முடிந்து கடல் அடங்கி வலைக்காலம் தொடங்கிய மூன்றாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை, குணம் சம்மாட்டியார் கந்தோருக்கு வந்தார். அந்தப் பாட்டின் வலைக்குச் சொந்தக்காரர். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்: ‘மீனுக்கு வளைச்சா குப்பை வருது. மடி கிழியுது. என்ர ஆக்கள் வெள்ளிக்கிழமையோட போகப்போகினம்.’

கரைவலையை இரண்டு பேர், மூன்று பேர் இழுக்க முடியாது. இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆள் நிற்க வேண்டும். வடக்கே இன்னொரு பாட்டில் ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே வலை சுத்தமாக வருகிறது. இங்கே பாதி நேரம் குப்பை பொறுக்குவதிலேயே போகிறது, அதற்குள் மீன் பழுதாகிறது. வெள்ளிக்கிழமை இழுவை முடிந்ததும் எல்லோரும் கிளம்பினால் அந்த வருடம் வலை கொட்டிலுக்குள்தான் கிடக்கும்.

“நாலு நாள் இருக்கு, பிள்ளை” என்றார். “ஏலுமெண்டாச் சொல்லுங்கோ. ஏலாதெண்டாலும் சொல்லுங்கோ, நான் வேற அலுவல் பாக்க.”

“ஏலும் ஐயா” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை கடற்கரையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டேன், குப்பை எங்கிருந்து வருகிறது என்று. ஹோட்டல்காரர் என்றார் ஒருவர். துறைமுகத்துக்கு வரும் கப்பல் என்றார் மற்றவர். டவுன் சனம்தான், வேறு யார் என்றார் இன்னொருவர். நானும் அறிக்கைக்கு ‘நீரோட்டத்தினால் நகரப் பக்கமிருந்து’ என்று மனதில் எழுதிக்கொண்டே நின்றேன். அந்த நேரத்தில்தான் ரவியண்ணை அந்தப் பையைத் தூக்கிப் பிடித்தார்.

புதன்கிழமை மடியில் வந்த குப்பையை எல்லோரும் அவரவர் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். கட்டி, வழக்கம்போல அலையோரத்தில் போடச் சொன்னேன். குப்பை எடுக்கச் சம்பளம் வாங்குகிற நான் கடலில் போடச் சொல்கிறேன்! ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மடியை அவிழ்த்ததும் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிறமாதிரி இருந்தது.

“இது தவத்தின்ர!”

“இது என்ர, இந்தா, இதுவும் என்ர!”

“டேய், நேற்றுப் பிடிச்சதையேயடா இண்டைக்கும் பிடிச்சிருக்கிறம்!”

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பிறகு தானாகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் கரையைக் காலியாக்க வேண்டும், மீனைப் பரப்ப வேண்டும் என்ற அவசரத்தில் தள்ளிவிட்டதைத்தான் மறுநாள் கை நோக இழுத்திருக்கிறார்கள். குணம் சம்மாட்டியார் தலையில் கை வைத்தபடி மணலில் இருந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல். கண்டுபிடித்துவிட்டேன், முறைப்பாட்டோடு வந்தவர்களையே பிடித்துவிட்டேன்!

அப்போது ரவியண்ணை குவியலின் அடியிலிருந்து ஒரு கனத்த பையை இழுத்தார். பாசி படர்ந்திருந்தது. அதன் பாரத்தில்தான் மடி கிழிந்திருக்க வேண்டும். வாயில் மஞ்சள் நைலோன் கயிறு, மூன்று சுற்று.

“இது ஆரின்ர?” என்று கேட்டார். கயிற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “எங்கட ஆக்கள் நைலோனில கட்டமாட்டினம். இது ஆரின்ர முடிச்சு?”

அதன் கீழே இன்னும் இரண்டு கிடந்தன. எனக்குத் தெரியும். அந்தக் கயிற்றுச் சுருளைக் களஞ்சியத்தில் கையெழுத்து வைத்து எடுத்தவளே நான்தான். சொல்லாமல் விட்டால் அங்கே நின்ற ஒருவருக்கும் தெரிய வராது. கப்பல், ஹோட்டல், டவுன், எதன் தலையிலும் பழியைப் போட்டிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படி யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“எங்கட” என்றேன். “சபையின்ர. வாய்க்கால் வரம்பில வைக்க விட்டது நான்தான். மாரி வெள்ளம் கடலுக்குக் கொண்டுவந்திட்டுது.”

“அப்ப நீங்கள் எங்களைப் பிடிக்க வந்தனீங்களோ, உங்களைப் பிடிக்க வந்தனீங்களோ?” என்றது கயிற்றடிக் குரல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரவியண்ணை பையை மணலில் வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

“நாளைக்கு இழுவை முடியட்டும்” என்று மட்டும் சொன்னார். “முடிய, போறதோ நிக்கிறதோ எண்டு முடிவெடுப்பம்.”

பௌசியா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். முதலாவதாகத் தொட்டியைச் சொன்னேன், பிறகு போனில் ‘ஓம் காக்கா’ என்றதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “வல கரைக்கு வாற நேரம் எனக்கு அங்க நிக்கணும்” என்றார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நகரத்துக்கு வந்தார். நான் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

“மெதுவா ஓட்டுங்க புள்ள. எனக்குப் பென்சன் வேணும்.”

சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார். வள்ளம் வலையை வளைத்துக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குச் சற்றுப் பிந்தி, தெருவில் எங்கள் உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. மிஸ் கொப்பியில் நேரத்தை எழுதினார். பிறகு அதே இடத்தில் நின்றார். நானென்றால் அங்குமிங்கும் நடந்தபடி. எட்டரை தாண்டித்தான் மடி கரை ஏறியது. அதையும் முதல் நேரத்துக்குக் கீழே எழுதினார். கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டே வரி.

“சம்மாட்டியார், குப்ப எடுக்க எங்கட மெசின் வாறது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன மிஸ்? நாங்கள் கயித்தில நிக்கேக்க வந்திட்டுப் போயிடும்.”

“அத ஏன் ஒருக்காவும் சொல்லல்ல?”

“ஒருத்தரும் கேக்கேல்லயே.”

அவ்வளவுதான் விஷயம். குப்பை வரும் முன்னரே குப்பை வண்டி போய்விடுகிறது. நான் தொட்டியை எங்கே வைப்பது என்று நிறம் தீட்டினேனே தவிர, இவர்களுக்குக் குப்பை எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்கவில்லை.

மிஸ் அந்த இடத்திலேயே அன்வர் காக்காவைப் போனில் பிடித்தார். மறுநாளிலிருந்து சுற்றைத் திருப்பி ஓட வேண்டும், தெற்கே தொடங்கி இந்தப் பாட்டில் முடிக்க வேண்டும். வண்டி மணலுக்குள் வரத் தேவையில்லை, மீன் லொறி நிற்கும் சந்தியில் நின்றால் போதும். போனிலிருந்து காக்காவின் குரல் எனக்கும் கேட்டது: “சுத்து ஒண்டுதான் மிஸ், எனக்குப் பிரச்சினயில்ல. ஆனா தேத்தண்ணிக் கட அந்தப் பக்கமல்லவா இரிக்கி!”

“பிளாஸ்க்ல கொண்டு வாங்க” என்றார் மிஸ்.

மணலிலிருந்து சந்திக்கு யார் தூக்குவது? அதுதான் மிச்சம். ரவியண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “மீனையும் சுமந்து குப்பையையும் நாங்களே சுமக்கிறதோ?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டது நியாயமான கேள்வி. முதல்நாள் மடியில் வந்த மஞ்சள் கயிற்றுப் பைகள் மூன்றும் அங்கேயே கிடந்தன. ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டேன். “இது எங்கட. இதை நான் கொண்டுபோறன்.” பத்து எட்டு நடந்திருக்கமாட்டேன், பை வெடித்து அழுகிய தண்ணீர் முதுகால் வழிந்து சப்பாத்துக்குள் போனது. கடற்கரை முழுக்கச் சிரித்தது. நான் நிற்கவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ரவியண்ணை தன் முடிச்சுப் போட்ட இரண்டு பைகளோடு வந்தார். “உங்கட ஒண்டு மிஸ், என்ர ரெண்டு. எண்ணிப் பாத்தா நாங்கள்தான் கூடப் போட்டிருக்கிறம்” என்றார். அவருக்குப் பின்னால், வலை இழுக்கும் தவம். பிறகு மற்றவர்கள். திரும்பிப் பார்த்தபோது மணலில் ஒரு வரிசை தெரிந்தது.

அன்று ஐந்து பேர் வடக்குப் பாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்கள், யாரும் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் நின்றார்கள். ஆள் போதாத கயிற்றில் குணம் சம்மாட்டியாரே நின்று இழுத்தார். அந்த வருடம் வலை கொட்டிலுக்குள் கிடக்கவில்லை. நீலத் தொட்டிகளைச் சந்திக்கு மாற்றினோம். குப்பை நின்றுவிடவில்லை, ஆனால் நாளுக்கு நாள் மடி இலேசாகியது. சில கிழமை கழித்து ஒருநாள் வெறும் மீன் மட்டும் வந்தபோது ரவியண்ணை போனில் படம் எடுத்து அனுப்பினார். அதை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பிறகு ஏன் வேலையை விட்டாய் என்று புதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கோபமொன்றும் இல்லை. ஒவ்வொரு மாரிக்கும் அந்த வாய்க்கால் புதுக் குப்பை கொண்டுவருகிறது. நான் கண்டிராத கடைகளின் பெயர் போட்ட பைகள். மேல்நோக்கிப் போனால் அது எங்கள் எல்லை மதகு வழியாகத் தெருவுக்குக் கீழால் புகுந்து, வயல்கள் தாண்டி, அடுத்த சபையின் எல்லைக்குள் போகிறது. மூன்று கடிதம் எழுதினேன். ‘எமது எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று பதில் வந்தது. குறை சொல்லவும் முடியாது, அதே வசனத்தை வேறு ஆட்களுக்கு நானும் எத்தனையோ தடவை எழுதி அனுப்பியிருக்கிறேன். உத்தியோகத்தராக இருக்கும்வரை அந்த மதகைத் தாண்டி எனக்குக் கதையில்லை. சாதாரண ஆளாகத் தாண்டினால் யார் மறிப்பது? ஒப்பந்தம் முடிந்தது, நீடிப்புத் தந்தார்கள், வேண்டாம் என்றேன்.

“எங்க போற புள்ள?” என்று கேட்டார் பௌசியா மிஸ்.

“வாய்க்கால் தொடங்கிற இடத்துக்கு மிஸ்.”

வருகிற சனிக்கிழமை தொடங்குகிறோம். மாரிக்கு இன்னும் சில கிழமை இருக்கிறது. மதகிலிருந்து மேல்நோக்கி நடந்து, வாய்க்காலைத் தொட்ட ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் இரண்டு கேள்வி கேட்கப் போகிறோம்: உங்களுக்குக் குப்பை எத்தனை மணிக்குச் சேருகிறது, வண்டி எத்தனை மணிக்கு வருகிறது. இந்தத் தடவை எடுத்தவுடன் படம் கீறமாட்டேன். வலைக்காலம் முடிந்து சும்மா இருக்கும் ரவியண்ணையும் தவமும் வருகிறார்கள். நேற்று ரவியண்ணை போன் எடுத்தார்.

“எவ்வளவு தூரம் இருக்கும் மிஸ்?”

“தெரியாது அண்ணை. ஒருத்தரும் முழுக்க நடந்து பாக்கேல்லையாம்.”

தவத்திடம் அவர் அதைச் சொல்வது போனில் கேட்டது.

“அப்ப விடியவே வெளிக்கிடுவம்” என்றார்.